மொதல்ல சுருக்கு, அப்புறம் வெட்டு: மலக்குடல் புற்றுநோய் வைத்தியத்தின் கதை



போன பதிவில் எங்க ஊர் திருமுருகன்பூண்டிக் கோயிலில் சுந்தரர் பொன்னைப் பறிகொடுத்த கதையை எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் சீரியஸான விஷயம். தலைப்பைப் பார்த்ததும் "பி.காம் படிக்கிற பையனுக்கு கேன்சர் பற்றி எழுத என்ன தகுதி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தகுதி எதுவும் கிடையாது. ஆனால் காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெரியப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவருக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்து எட்டு மாதம் வரைக்கும் வீட்டில் யாருக்கும் தெரியாது. "உடம்புச் சூடு" என்று தினமும் மோரும் இளநீரும் வெந்தயமும் சாப்பிட்டிருக்கிறார். அப்புறம் "மூலம்" என்று யாரோ சொன்ன லேகியம். எடை குறைந்து பேண்ட் இடுப்பில் நிற்காமல் போன பிறகுதான் பெரியம்மா சண்டை போட்டு கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார். மலக்குடலில் கட்டி. பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது.

எங்களுக்குக் குழப்பம் வந்தது அதற்குப் பிறகுதான். "உடனே ஆபரேஷன் வேண்டாம். முதலில் ஐந்தரை வாரம் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. அப்புறம் சில வாரம் காத்திருப்போம். அதற்குப் பிறகு ஆபரேஷன்" என்றார்கள். வீட்டில் பஞ்சாயத்து கூடிவிட்டது. உள்ளே விஷம் இருக்கிறது, அதை உடனே வெட்டி எடுக்காமல் மூன்று நாலு மாதம் தள்ளிப் போடுகிறார்களே, இது என்ன வைத்தியம்? உடனே ஆபரேஷன் செய்கிற வேறு ஆஸ்பத்திரி பார்க்கலாம் என்று சித்தப்பா ஒரே பிடிவாதம். பெரியப்பா என்னைப் பார்த்து, "ஏஞ்சாமி, நீ படிச்சவந்தான? நீ என்ன சொல்ற?" என்றார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே கதையாக எழுதுகிறேன். டாக்டர்கள் யாராவது படித்தால் தவறுகளைத் திருத்துங்கள்.

கத்தி மட்டும் இருந்த காலம்

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி பதினைந்து சென்டிமீட்டர் அளவுள்ள பகுதி. இடுப்பு எலும்புக் கூட்டுக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. முன்னால் சிறுநீர்ப்பை, ஆண்களுக்குப் புராஸ்டேட், பெண்களுக்குக் கர்ப்பப்பை. பின்னால் முதுகெலும்பின் வால்பகுதி. சுற்றிலும் சிறுநீர் கழிப்பதையும் தாம்பத்தியத்தையும் கட்டுப்படுத்தும் மெல்லிய நரம்புகள். இந்த இடத்தில் கைவிட்டு வேலை செய்வது, குறுகலான பானைக்குள் கைவிட்டுப் பூ கட்டுவது மாதிரி.

1826-ல் பிரான்சில் ழாக் லிஸ்ஃபிராங்க் என்ற சர்ஜன் ஆசனவாய் வழியாக ஒரு மலக்குடல் கட்டியை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து பொதுமேடைக்கு வந்ததே 1846-ல்தான். லிஸ்டர் கிருமிநாசினி பற்றி எழுதியது 1867-ல். அப்படியென்றால் அந்த நோயாளி என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு எண்பது வருடம் ஏறக்குறைய இதே பாதைதான். கீழிருந்து போய் எட்டின வரைக்கும் வெட்டுவது. இதில் என்ன தப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர் லண்டனைச் சேர்ந்த எர்னஸ்ட் மைல்ஸ். தான் அந்த முறையில் ஆபரேஷன் செய்த 57 பேரைத் தொடர்ந்து கவனித்தார். அதில் 54 பேருக்கு நோய் திரும்ப வந்திருந்தது! ஒரு சர்ஜன் தன்னுடைய தோல்விக் கணக்கைத் தானே எழுதி வெளியிட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்க அக்கவுண்டன்சி வகுப்பில் நஷ்டத்தை மறைத்த கம்பெனிகளைப் பற்றித்தான் அதிகம் படித்திருக்கிறோம் :-)

இறந்தவர்களைப் பரிசோதித்துப் பார்த்து, நோய் கீழே மட்டுமல்ல, மேலேயும் பக்கவாட்டிலும் நிணநீர்ப் பாதை வழியாகப் பரவுகிறது என்று மைல்ஸ் கண்டுபிடித்தார். அதனால் வயிற்றைத் திறந்து மேலிருந்தும், ஆசனவாய் வழியாகக் கீழிருந்தும் சேர்த்து, மலக்குடலை மொத்தமாக எடுக்கும் முறையை 1908-ல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார். முதல் 12 பேரில் 5 பேர் ஆபரேஷனிலேயே இறந்தார்கள். பிழைத்தவர்களுக்கு வயிற்றில் ஒரு துளை, ஆயுசுக்கும் அதன் வழியாகத்தான் மலம். ஆனாலும் நோய் திரும்புவது குறைந்ததால் உலகம் முழுக்க பல பத்தாண்டுகள் இதுவே பெரிய வைத்தியமாக இருந்தது.

மெட்ராசில் ஒரு தங்கை

இதே காலத்தில் நம்ம ஊரில் என்ன நடந்தது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம். பிறகு மெட்ராஸ் சட்டசபையில் உறுப்பினர், துணைத்தலைவர். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது.

அவருடைய தங்கை இளம் வயதிலேயே இறந்துபோனார். 1920-களின் தொடக்கத்தில். நோய், மலக்குடல் புற்றுநோய். ஆனால் முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டர், அதுவும் நாட்டின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவர். அப்படியும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பாவின் "மூலம்" ஞாபகம் வந்துவிட்டது.

1925 வாக்கில் முத்துலட்சுமி மேற்படிப்புக்காக லண்டன் போனார். அங்கே இன்று ராயல் மார்ஸ்டன் என்று அழைக்கப்படும் புற்றுநோய் மருத்துவமனையில் வைத்தியம் நடக்கும் விதத்தைப் பார்த்தார். இதில் இன்னொரு விஷயம். மேலே சொன்ன எர்னஸ்ட் மைல்ஸ் சர்ஜனாகப் பணியாற்றியதும் இதே மருத்துவமனையில்தான். தங்கையைக் கொன்ற நோய்க்கு உலகத்திலேயே பெரிய ஆபரேஷனைக் கண்டுபிடித்தவரின் ஆஸ்பத்திரிக்கே அக்கா போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இந்த மாதிரி ஒன்று நம் ஊரிலும் வேண்டும் என்ற எண்ணம் அவர் மனதில் விழுந்தது. ஆனால் நடக்க கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆனது. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம். இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்டினார்கள். 1952-ல் ஜவஹர்லால் நேரு அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ல் மருத்துவமனை திறந்தது. படுக்கைகள் 12. அதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அதைக் கட்டி எழுப்பினார். 1955-ல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்து, 2021-ல் மறையும் வரை அங்கேயே இருந்தார்.

அடையாறில் ஒன்று சேர்ந்த மூன்று துறைகள்

புற்றுநோய் வைத்தியத்துக்கு மூன்று ஆயுதம். ஒன்று கத்தி. இரண்டு கதிர்வீச்சு, நம்ம ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். மூன்று மருந்து, அதாவது கீமோ.

மூன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு இடத்தில் பிறந்தவை. எக்ஸ்ரே 1895-ல். ரேடியம் 1898-ல். கோபால்ட்-60 கதிர்வீச்சு மிஷின் கனடாவில் 1951-ல். மலக்குடல், பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்று வரைக்கும் அடிப்படையாக இருக்கிற 5-ஃப்ளூரோயுராசில் மருந்தை அமெரிக்காவில் சார்லஸ் ஹைடல்பெர்கர் குழு வெளியிட்டது 1957-ல். பெரியப்பா சாப்பிட்ட கேப்சிடாபின் மாத்திரை உடம்புக்குள் போய் மாறுவதும் அதே மருந்தாகத்தான்.

பிறந்த இடம் வேறு என்பதால் அவற்றைக் கையாண்டவர்களும் தனித்தனி. சர்ஜன் ஒரு ஆஸ்பத்திரி, கதிர்வீச்சு இன்னொரு ஆஸ்பத்திரி. சர்ஜனால் முடியாது என்று கைவிட்ட பிறகுதான் கதிர்வீச்சுக்கு அனுப்புவது என்று இருந்தது. மெட்ராசில் பர்னார்டு கதிரியக்க நிறுவனம் 1934-லேயே வந்துவிட்டது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941-ல் திறந்தது. அடையாறில் தொடக்கத்திலிருந்தே சர்ஜரியும் கதிர்வீச்சும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. ஆசியாவின் முதல் கோபால்ட் மிஷின்களில் ஒன்று 1950-களிலேயே கனடாவின் உதவியோடு அங்கே வந்தது.

தெற்கில் அன்று (இன்றும்!) பெரிய பிரச்சினை வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, புகையிலை. கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும், முற்றிய வாய்ப் புற்றுநோய்க்கு மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகக் கொடுப்பதைவிடச் சேர்த்துக் கொடுப்பது நன்றாக வேலை செய்தது. மலக்குடல் அல்ல, வாய்தான். ஆனால் ஒரு துறை மட்டும் போதாது என்ற பாடம் அதே பாடம்தான். 1984-ல் புற்றுநோய் சர்ஜரிக்கும் புற்றுநோய் மருந்தியலுக்கும் இந்தியாவிலேயே முதல் உயர் சிறப்புப் படிப்புகளை அடையாறில் தொடங்கினார்கள். ஒரே மேஜையில் உட்கார வேண்டிய ஆட்களை இங்கேயே தயார் செய்வதற்கான ஏற்பாடு என்று நான் புரிந்துகொண்டேன்.

கத்தி கூர்மையான கதை

மறுபடியும் மலக்குடலுக்கு வருவோம். மைல்ஸுக்குப் பிறகு கத்தி சும்மா இருக்கவில்லை.

1932-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் கத்பெர்ட் டியூக்ஸ் என்ற நோய்க்கூறு நிபுணர் (வெட்டி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர்), நோயை மூன்று படிகளாகப் பிரித்தார். குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் முதல் படி. சுவரைத் தாண்டினால் இரண்டாவது. நிணநீர் முடிச்சுக்குப் போனால் மூன்றாவது. எல்லாருக்கும் ஒரே வைத்தியம் என்பது மாறுவதற்கு இதுதான் தொடக்கம்.

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கிளாட் டிக்சன், கட்டி மேல்பகுதியில் இருந்தால் ஆசனவாயை எடுக்க வேண்டியதில்லை, கட்டியை எடுத்துவிட்டுக் குடலைத் திரும்ப இணைத்துவிடலாம் என்று 400 பேரின் விவரத்தோடு எழுதினார். ஆயுசுக்கும் பை என்ற தண்டனை பலருக்கு இல்லாமல் போனது.

அப்படியும் ஆபரேஷன் செய்த இடத்திலேயே நோய் திரும்புவது நிற்கவில்லை. பல இடங்களில் நாலில் ஒருவருக்குத் திரும்பியது. இங்கேதான் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற சின்ன ஊரின் சர்ஜன் பில் ஹீல்ட் வருகிறார். மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது. நோய் முதலில் பரவுவது அந்த உறைக்குள்தான். அதுவரை பல சர்ஜன்கள் கையால் பிய்த்து எடுக்கும்போது உறை கிழிந்து, பாதி உள்ளேயே தங்கிவிடும். உறையை முழுசாக, கிழியாமல், கண்ணால் பார்த்துக் கூர்மையாக வெட்டி எடுங்கள் என்றார் ஹீல்ட். 1982-ல் அவர் இதை வெளியிட்டார். புதுக் கருவி எதுவும் இல்லை. வெட்டும் கோடு எங்கே என்பதுதான் மாறியது. நோய் திரும்புவது ஒற்றை இலக்க சதவீதத்துக்கு இறங்கியது. நரம்புகளும் தப்பித்தன.

கட்டிங் மாஸ்டருக்கு இதைச் சொன்னபோது உடனே புரிந்துவிட்டது. "மார்க்கர்ல கோடு சரியா இருந்தா கத்தி தானாப் போகும்" என்றார் பெரியப்பா.

முன்னாலா, பின்னாலா?

இப்போதுதான் எங்க வீட்டுப் பஞ்சாயத்துக்கு நேரடியான பதில் வருகிறது. கதிர்வீச்சு உதவும் என்று தெரிந்துவிட்டது. அதை ஆபரேஷனுக்கு முன்னால் கொடுப்பதா, பின்னால் கொடுப்பதா?

அமெரிக்காவில் பின்னால் என்றார்கள். முதலில் வெட்டு, மைக்ராஸ்கோப்பில் நோய் முற்றியது தெரிந்தால் கதிர்வீச்சும் மருந்தும் கொடு. 1990-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடும் இதையே சொன்னது. எங்க சித்தப்பா கட்சி :-)

ஐரோப்பாவில் முன்னால் என்றார்கள். சுவீடனில் 1987 முதல் 1990 வரை 1168 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு நேரடியாக ஆபரேஷன். மீதிப் பேருக்கு ஒரே வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சு, உடனே ஆபரேஷன். 1997-ல் வந்த முடிவு: ஐந்து வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது 27 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாகக் குறைந்தது. உயிரோடு இருந்தவர்கள் 48 சதவீதத்திலிருந்து 58 சதவீதமாகக் கூடினார்கள்.

"அது பழைய ஆபரேஷன். ஹீல்ட் முறையில் சரியாக வெட்டினால் கதிர்வீச்சே வேண்டாமே" என்று ஒரு வாதம் வந்தது. நெதர்லாந்தில் 1861 பேரை வைத்து அதையும் சோதித்தார்கள். எல்லாருக்கும் ஹீல்ட் முறை ஆபரேஷன். பாதிப் பேருக்கு மட்டும் முன்கூட்டியே கதிர்வீச்சு. 2001-ல் முடிவு. இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது ஆபரேஷன் மட்டும் என்றால் 8.2 சதவீதம், கதிர்வீச்சோடு என்றால் 2.4 சதவீதம். மொத்த உயிர்வாழ்வில் அந்த இரண்டு வருடத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இடுப்புக்குள் நோய் திரும்பினால் வரும் வலியும் அவஸ்தையும் பயங்கரம். அதைக் குறைப்பதே பெரிய லாபம்.

கடைசித் தீர்ப்பு ஜெர்மனியிலிருந்து, 2004-ல். 800-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, கதிர்வீச்சையும் மருந்தையும் ஒரு பகுதிக்கு முன்னால், இன்னொரு பகுதிக்குப் பின்னால் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது முன்னால் கொடுத்தவர்களுக்கு 6 சதவீதம், பின்னால் கொடுத்தவர்களுக்கு 13 சதவீதம். பக்கவிளைவுகளும் முன்னால் கொடுத்தவர்களுக்குத்தான் குறைவு. அதற்குப் பிறகு அமெரிக்காவும் மாறிவிட்டது.

ஏன் முன்னால் கொடுத்தால் நல்லது? கட்டி சுருங்குகிறது, வெட்டுவது சுலபமாகிறது. ஆபரேஷனுக்கு முன் ரத்த ஓட்டம் கெடாமல் இருப்பதால் கதிர்வீச்சு நன்றாக வேலை செய்கிறது. கதிர் பட்ட குடல் ஆபரேஷனில் வெளியே போய்விடும். புதிதாக இணைத்த நல்ல குடலில் கதிர் படாது.

இதை நான் வீட்டில் சொன்ன விதம் வேறு. திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நிட்டிங், டையிங், காம்பாக்டிங், அதற்கப்புறம்தான் கட்டிங். துணியைச் சுருங்க வைக்காமல் வெட்டினால் என்ன ஆகும்? தைத்து அனுப்பிய பிறகு முதல் சலவையில் சுருங்கி, மொத்த சரக்கும் ரிஜெக்ட். காம்பாக்டிங் முடிந்த துணியைக்கூட உடனே வெட்டமாட்டார்கள். பிரித்துப் போட்டு ஆறவிட்டுத்தான் டேபிளில் விரிப்பார்கள். கதிர்வீச்சு முடிந்த பிறகு டாக்டர்கள் வாரக்கணக்கில் காத்திருப்பதும் கட்டி முழுதாகச் சுருங்கட்டும் என்றுதான்.

பெரியப்பா சிரித்துவிட்டார். முப்பது வருடம் அவர் செய்த வேலையே அதுதானே. சித்தப்பாவும் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

ஒரு மேஜை

இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குத் தோன்றியது இதுதான். மலக்குடல் புற்றுநோயில் கடந்த நாற்பது வருட முன்னேற்றம் ஒரு மாய மருந்தால் வந்ததில்லை. பெரும்பகுதி, இருக்கிற ஆயுதங்களின் வரிசையை மாற்றியதால் வந்தது. யார் முதலில், யார் அடுத்து, எவ்வளவு நாள் இடைவெளி.

எங்க காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் ப்ராசஸ் காஸ்டிங் என்று ஒன்று உண்டு. ஒரு ப்ராசஸில் இருந்து வெளியே வருவதுதான் அடுத்த ப்ராசஸுக்கு உள்ளே போவது. முதல் ப்ராசஸில் தப்பு நடந்தால் கடைசி வரைக்கும் அந்த நஷ்டம் கூடவே வரும். வைத்தியமும் அப்படித்தான் இருக்கிறது.

வரிசையை முடிவு செய்ய எல்லாத் துறையும் வேலை தொடங்கும் முன்பே சேர்ந்து உட்கார வேண்டும். சர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், மருந்து டாக்டர், ஸ்கேன் பார்ப்பவர், மைக்ராஸ்கோப் பார்ப்பவர். இதைத்தான் ட்யூமர் போர்டு என்கிறார்கள். பிரிட்டனில் 1995-ல் வந்த கால்மன்-ஹைன் அறிக்கை புற்றுநோய்க்குக் குழுவாக வைத்தியம் பார்ப்பதை அரசுக் கொள்கையாகவே ஆக்கியது. 2006-ல் மெர்க்குரி என்ற ஆய்வு, எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கட்டிக்கும் கொழுப்பு உறையின் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஆபரேஷனுக்கு முன்பே சரியாகச் சொல்ல முடியும் என்று காட்டியது. வெட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வெட்டாமலே தெரிந்துகொள்ள முடிந்ததால் மேஜையில் ஸ்கேன் டாக்டருக்கு முக்கியமான நாற்காலி கிடைத்தது. இந்தியாவில் 2012-ல் தேசிய புற்றுநோய்க் கட்டமைப்பு தொடங்கி, பல மருத்துவமனைகளை ஒரே மாதிரியான வழிகாட்டுதலுக்குள் கொண்டுவரும் முயற்சி நடக்கிறது.

மேஜையில் உட்கார்ந்து பேசப் பேச ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். பிரேசிலில் ஆஞ்சலிதா ஹப்ர்-காமா என்ற பெண் சர்ஜன் 2004-ல் ஒன்று எழுதினார். கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்த 265 பேரில் 71 பேருக்குக் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டது. அவர்களுக்கு ஆபரேஷனே செய்யாமல் நெருக்கமாகக் கண்காணித்தார். ஒரு சர்ஜனே "வெட்ட வேண்டாம்" என்று சொன்னதை முதலில் பலர் ஏற்கவில்லை. 2022-ல் வெளியான ஓப்ரா ஆய்வில், மருந்தையும் கதிர்வீச்சையும் முழுதாக முன்னாலேயே கொடுத்ததில், கிட்டத்தட்ட பாதிப் பேர் மூன்று வருடம் கழித்தும் மலக்குடலை இழக்காமல் இருந்தார்கள்.

2023-ல் ப்ராஸ்பெக்ட் ஆய்வு, குறிப்பிட்ட வகை நோயாளிகள் சிலருக்குக் கதிர்வீச்சைத் தவிர்த்து மருந்தும் ஆபரேஷனும் மட்டும் போதும் என்று காட்டியது. இங்கே விட்டுக்கொடுத்தது கதிர்வீச்சு. 2022-ல் நியூயார்க்கில் ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள கட்டி கொண்ட 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்து மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. 2025-ல் அந்த எண்ணிக்கை 49 ஆக உயர்ந்தபோதும் 49 பேருக்கும் மறைந்திருந்தது. ஆனால் அவசரப்பட்டு ஃபார்வர்டு செய்யாதீர்கள்! மலக்குடல் புற்றுநோயில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் அந்த வகைக் கட்டி. உங்களுக்கு எந்த வகை என்று பரிசோதித்துச் சொல்லவும் அந்த மேஜைதான் வேண்டும்.

மாறாத முதல் ப்ராசஸ்

பெரியப்பாவுக்கு 28 நாள் கதிர்வீச்சு. தினமும் காலையில் பூண்டியிலிருந்து பஸ். ஒரு நாள்கூட விடவில்லை. மலம் கழிக்க எரிச்சல், அசதி எல்லாம் இருந்தது. பிறகு காத்திருப்பு, ஆபரேஷன். இணைத்த இடம் ஆறும் வரை வயிற்றில் தற்காலிகமாக ஒரு பை. அந்தப் பைதான் அவரை ரொம்பப் படுத்தியது. சில மாதம் கழித்து அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கட்டிங் டேபிளில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. அளவு பார்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறார். முறையாக செக்கப்புக்குப் போகிறார். முழுதாகக் குணமா என்று கேட்டால், ஐந்து வருடம் போகட்டும் என்கிறார்கள்.

டாக்டர் ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. "ரத்தம் வந்த முதல் மாதமே வந்திருந்தா, இவ்வளவு வைத்தியம் தேவைப்பட்டிருக்காதுங்க தம்பி."

எட்டு மாதம். அதில் அவருக்குத் தெரியாதது பாதி, வெட்கப்பட்டது பாதி. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு, அந்தக் கணக்கும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருப்பது நல்ல விஷயம். ஆனால் காப்பீடு வேலை செய்வது ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த பிறகுதான். வாசலுக்கு வராதவரை எந்தத் திட்டமும் ஒன்றும் செய்ய முடியாது.

நூறு வருடத்துக்கு முன்னால் முத்துலட்சுமியின் தங்கைக்குச் சீதபேதி என்று நினைத்தார்கள். என் பெரியப்பாவுக்கு மூலம் என்று நினைத்தார்கள். நடுவில் கத்தி மாறியது, மிஷின் மாறியது, மருந்து மாறியது, வரிசை மாறியது. அந்த முதல் ப்ராசஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைச் சரிசெய்ய வேண்டியது ட்யூமர் போர்டு அல்ல, நாம்தான்.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, யாருக்காவது மலத்தில் ரத்தம் வந்தாலோ, மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறி சில வாரம் ஆகியும் சரியாகாவிட்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, சூடு என்றும் மூலம் என்றும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும். கீழ்ப்பகுதியில் உள்ள கட்டிகளில் பலவற்றை டாக்டர் கையுறை போட்டு விரலால் தொட்டுப் பார்த்தே சந்தேகப்பட முடியும். இரண்டு நிமிஷ வேலை. காசும் பெரிதாக ஆகாது. வெட்கம் மட்டும்தான் தடை.

இன்னொன்று. டாக்டர் "முதலில் கதிர்வீச்சு, அப்புறம் ஆபரேஷன்" என்றால் பயந்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். "எங்க கேஸை எல்லா டாக்டரும் சேர்ந்து பேசினீங்களா?" என்று மட்டும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

செமஸ்டர் பரீட்சை வருவதால் அடுத்த பதிவு கொஞ்சம் தாமதமாகும். பெரியப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "எம்பேரைப் போடலீல்ல?" என்று கேட்டார். போடவில்லை பெரியப்பா. ஆனால் காம்பாக்டிங் உதாரணத்தைப் பூண்டி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவது நீங்கள்தான் :-)

மீண்டும் சந்திப்போம்.